அக்காவின் பிளவுசில் நாலு தையல்

பிளவுஸ் தைக்கிறவளிடம் பொய் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. லண்டனில், செவன் கிங்ஸில் உள்ள எங்கள் வீட்டுப் பின்னறையில் பல வருடமாகத் தைக்கிறேன். வருகிற பெண்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "நான் இப்ப மெலிஞ்சிட்டன், பழைய அளவு வேண்டாம்" என்பதுதான். நான் வாதாட மாட்டேன். அளவு நாடாவைச் சுற்றி, வந்த எண்ணைக் கொப்பியில் எழுதுவேன். "இவ்வளவோ? உங்கட நாடா பிழை போலக் கிடக்கு" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. "நாடா பிழையெண்டால் வேற இடம் பாருங்கோ, கதவு அந்தப் பக்கம்" என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த கிழமை அவர்களே ஒரு பெட்டி லட்டோடு வந்து நிற்பார்கள். எனக்கு வாய் நீளம், ஆனால் தையல் சுத்தம். தையலுக்காக வாயைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ஆட்களின் பிளவுசில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடையில் விற்கும் உடுப்புகளில் தையலை ஒட்டித் துணியை வெட்டிவிடுவார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. இரண்டு விலாப் பக்கமும் உள்ளே நிறையத் துணியை விட்டுவைத்துத் தைப்போம். உடுத்துகிறவள் கொழுத்தால் தையலைப் பிரித்து விடலாம். மெலிந்தால் பழைய தையலுக்கு உள்ளே இன்னொரு வரி ஓட்டிப் பிடித்துவிடலாம். ஒரு பட்டு பிளவுசைப் புரட்டிப் பார்த்தால் அந்தப் பெண் எப்போது பிள்ளை பெற்றாள், எப்போது நோய்ப்பட்டாள் என்று நான் சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

தைக்காத நேரத்தில் பழைய சாமான் பொறுக்குவேன். பக்கத்து இல்ஃபோர்டில், தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் சாரிட்டி கடைகள் எல்லாவற்றிலும் என் முகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து விற்கிற சந்தைக்கும் போவேன். பெறுமதியான பொருள் ஒன்றையும் நான் வாங்கியதில்லை. பிஸ்கட் டின் நிறையப் பொத்தான், மரத்தாலான நூற்கட்டை, அட்டையில் குத்தியபடியே கிடக்கும் துருப்பிடித்த கொளுக்கி, இவைதான். ஒரு டின்னுக்குள் மடித்த காகிதத்தில் ஒரேயொரு பொத்தான் இருந்தது. காகிதத்தில் சாய்ந்த ஆங்கில எழுத்தில், அப்பாவின் சாம்பல் நிறக் கோட்டு என்று எழுதியிருந்தது. கோட்டும் இல்லை, அப்பாவும் இல்லை, எழுதியவளும் இருக்கமாட்டாள். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஆனாலும் அதைக் காகிதத்தோடேயே வைத்திருக்கிறேன்.

என் அக்காவுக்கு இந்தப் பழக்கத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். லண்டனின் தெற்குப் பக்கம், டூட்டிங்கில் இருந்தாள். இரண்டு ரயில் ஏறி மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவாள். வந்தவுடன் பின்னறை அலுமாரியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

"செத்தவையின்ர சாமானை ஏன்டி வீட்டுக்குள்ள அடுக்கி வைச்சிருக்கிறாய்? எனக்கு உள்ள வரவே பயமாக் கிடக்கு."

"செத்தவை வந்து கேட்டால் திருப்பிக் குடுக்கிறன். நீ தேத்தண்ணியைக் குடி."

"உனக்கு விசர்."

"ஓம், விசர்தான். சீனி போட்டிருக்கிறன், கலக்கிக் குடி."

சீனி போட்டதற்கு ஒரு சண்டை வரும், ஏனென்றால் அவளுக்குச் சலரோகம். அவளுடைய கணவரை அத்தான் என்பேன், அவர் ஒரு அப்பாவி மனுஷன், அவள் சொல்லுக்கு ஓம் போடுவதே தொழில். அவர்களுக்கு ஒரேயொரு மகள். எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளின் மகளைப் பெறாமகள் என்போம். நான் பெறாத மகள், அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்து நாடகத்துக்கு நான்தான் உடுப்புத் தைத்தேன். பரீட்சை எழுதப் போகும்போது என்னிடமும் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

அவள் பார்மசிஸ்டாகி வாங்கிய முதற் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தாள். மயில்கழுத்து நிறம், ஒடுக்கமான கரை. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே என்னிடம் வந்தாள். அதற்குரிய பிளவுசை நான் தைத்தேன். மார்பு அளவு நாற்பது அங்குலம். அதற்குப் பிறகு அக்கா வேறு சேலை உடுத்துப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. யார் வீட்டு விசேஷமென்றாலும் அதுதான். "என்ர பிள்ளை எடுத்துத் தந்தது" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

அடுத்த தை மாதம், பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் போக முதல், அந்த பிளவுசோடு வந்தாள்.

"கொஞ்சம் லூசாக் கிடக்கு. பிடிச்சு விடு."

அளந்தேன். முப்பத்தெட்டரை. எனக்குப் பெரிய சந்தோஷம். மெலியச் சொல்லி டொக்டர் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தார். அவளும் ஒவ்வொரு நாளும் அத்தானை இழுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றிவரத் தொடங்கியிருந்தாள். விலாப் பக்கம் உள்ளே ஒரு வரி ஓட்டிக் கொடுத்தேன். ஆடி மாதம் கோயில் தேருக்கு முதல் மறுபடி வந்தாள். முப்பத்தேழு.

"என்னடி இது! மகளுக்கு முதல் நீ பொம்பிளையாகப் போறியோ?" என்றேன். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்; பொம்பிளை என்றால் எங்கள் பேச்சில் மணப்பெண்.

"போடி" என்று முதுகில் ஒன்று போட்டாள். சிரித்தாள். சிரிக்கும்போது கழுத்தில் இரண்டு நரம்பு தெரிந்தது. முன்பு அங்கே சதை இருந்தது. வடிவாய்த்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை செப்டெம்பரில், ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு. முப்பத்தாறு. நாடாவைச் சுற்றும்போது அவளுடைய விலா எலும்பு ஒவ்வொன்றாக என் விரலில் தட்டுப்பட்டது. அப்போது எனக்கு என்ன வந்தது என்று எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன், எழுதிவிடுகிறேன். பொறாமை வந்தது. என் இடுப்பைப் பார்த்தேன், அவள் இடுப்பைப் பார்த்தேன். நாளையிலிருந்து நானும் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் நடந்தேன் கூட.

நான்காவது தடவை தீபாவளிக்கு. மூன்றாவது தடவை வந்துபோய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பத்துநாலு. ஒரு மாதத்தில் இரண்டு அங்குலம். அன்றைக்கு அக்கா நான் தைத்து முடிக்கும்வரை கதிரையில் உட்கார்ந்தே இருந்தாள். வழக்கமாக அவள் இருக்கமாட்டாள், குசினிக்குள் போய் என் பானையைத் திறந்து பார்த்து உப்புக் கூட என்பாள். தேத்தண்ணீர் ஆடை கட்டிப்போய் அப்படியே கிடந்தது. என் கால் மெஷினின் பெடலில் இருந்து தானாக எழும்பியது. கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அப்போது வாசல் மணி அடித்தது, யாரோ ஒருத்தி அளவு கொடுக்க வந்திருந்தாள். சரி, பிறகு கேட்போம் என்று விட்டுவிட்டேன். அக்கா போகும்போது நான் சொன்னது இதுதான்: "இனிப் பிடிக்க உள்ளுக்கு இடமில்லை. இதுக்குமேல மெலிஞ்சியெண்டால் புதுசு தைக்கவேணும்."

"அதுக்கென்ன, தைப்பம்" என்றாள்.

மூன்று கிழமை கழித்து வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கான் எடுத்தார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போய்விட்டது. இளம் பெண் டொக்டர் ஒருத்தி கட்டிலடியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனை காலமாக மெலிகிறீர்கள் என்று கேட்டாள். பெறாமகள் அதைத் தமிழில் திருப்பிக் கேட்டாள்.

"கொஞ்ச நாளாத்தான்" என்றாள் அக்கா.

"ரெண்டு மாசம் இருக்கும். கோடை முடிஞ்சாப்பிறகு" என்றார் அத்தான்.

இரண்டு மாதம் என்று டொக்டர் எழுதினாள். நான் ஜன்னலடியில் தோடம்பழப் பையோடு நின்றேன். தை மாதம் ஒன்றரை அங்குலம். ஆடியில் ஒன்றரை. செப்டெம்பரில் ஒன்று. தீபாவளிக்கு இரண்டு. பத்து மாதம். எல்லாம் என் கொப்பியில், என் கையெழுத்தில் இருந்தது. அந்த அறையில் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பத்து மாதமாகத் தெரிந்தும் நீ ஏன் பேசாமல் இருந்தாய்? எடுத்ததற்கெல்லாம் வாய் காட்டுகிற நான் அன்றைக்குத் தோடம்பழத்தை எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஏழு கிழமையில் அக்கா போய்விட்டாள்.

அவள் புருஷன் இருக்கக் கட்டுக்கழுத்தியாகப் போனவள், கலியாணக் கூறைச் சேலை உடுத்தித்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். கூறையின் பிளவுஸ் முப்பது வருடத்துக்கு முந்தியது, ஒன்றுக்கும் உதவாது. என்னிடம்தான் வந்தார்கள். ஒரு காலையில் வெட்டித் தைத்தேன். யாரும் அளவு தரவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு என்று வெட்டினேன். அளவாக இருந்தது. "என்ன சரியாத் தைச்சிருக்கிறாள், பாருங்கோ" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். நான் தலையாட்டினேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையென்றால் வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? சுற்றிவர எல்லோரும் குழறினார்கள். ஒப்பாரி வைக்கத் தெரியாத லண்டன் பிள்ளைகள்கூட விம்மினார்கள். நான் செத்தவீட்டுக்கு வந்தவர்களின் பிளவுஸ் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தியின் தோள் சரிந்து கிடந்தது. யாரிடம் தைத்தாளோ என்று நினைத்தேன். "கல்லு மாதிரி நிக்கிறாள், கூடப்பிறந்தவள் தானே" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்தது. அதற்குப் பிறகும் எனக்கு ஒன்றும் வரவில்லை. சமைத்தேன், சாப்பிட்டேன், உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இவர், என் வீட்டுக்காரர்தான் சொல்வார், "இஞ்சரும், இண்டைக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறீர்" என்று. பல்லைப் பிடுங்க முதல் ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அந்த மாதிரி முழு உடம்பும் கிடந்தது. தையல் மட்டும் ஓடியது. முன்பைவிடக் கூடத் தைத்தேன். வந்தவர்கள் மெலிஞ்சிட்டன் என்றால் நான் சிரிப்பதை விட்டுவிட்டேன். "டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?" என்று கேட்கத் தொடங்கினேன். ஒருத்தி கோபித்துக்கொண்டு வராமலே விட்டுவிட்டாள்.

மாசியில் ஒருநாள் ஒரு பிளவுசைக் கொடுக்க, டூட்டிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரெதம் போனேன். பழக்கதோஷம், வழியில் இருந்த சாரிட்டி கடைக்குள் கால் போய்விட்டது. கம்பிளி உடுப்புகள் தொங்கிய இடத்தில் அக்காவின் மண்ணிற கார்டிகன் இருந்தது. சந்தேகமே இல்லை. மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம், என் டின்னில் இருந்து எடுத்து நான் தைத்துக் கொடுத்தது. அத்தான் உடுப்புகளைப் பையில் கட்டிக் கொடுத்தது எனக்குத் தெரியும். டூட்டிங்கில் கொடுத்தால் தெருவில் யாராவது போட்டுக்கொண்டு வருவார்கள், பார்க்க ஏலாது என்று இங்கே கொண்டுவந்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்கார அம்மா அதை எடுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். என்னைப் பார்த்து, தனக்குப் பொருந்துகிறதா என்று கேட்டாள். நல்லாக இருக்கிறது, கை மட்டும் அரை அங்குலம் மடித்துத் தைக்க வேண்டும் என்றேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

யாரோ செத்தவையின் பொத்தானையெல்லாம் டின்னோடு வீட்டுக்குத் தூக்கி வருகிறவள் நான். சொந்த அக்காவின் கார்டிகனை எடுக்கக் கை நீளவில்லை. அதற்காகக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து ஒரு பாவாடைக்கு இலாஸ்டிக் மாற்றினேன்.

வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிந்த பிறகு பெறாமகளின் கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். முதலில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, கோடையில் தாலிகட்டு. எழுத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, கையில் பையோடு வந்தாள். பைக்குள் மயில்கழுத்துச் சேலை.

"சித்தி, எழுத்துக்கு அம்மாவின்ர சாறிதான் உடுக்கப்போறன். பிளவுசை எனக்கு அளவாக்கித் தாங்கோ. நான் அம்மா முந்தி இருந்த சைஸ்தானே."

அத்தானின் தங்கச்சி, செத்தவவின் சேலை நல்ல காரியத்துக்கோ என்று இழுத்தாவாம். "கட்டுக்கழுத்தியாய்ப் போனவவின்ர சாறி. அதைவிட என்ன வேணுமாம் அவவுக்கு?" என்று நான் சீறினேன். பெறாமகள் சிரித்தாள். சிரித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அம்மாவுக்கு எதுக்கெண்டாலும் நீங்கள்தான் சித்தி. உங்களை மாதிரி ஒருத்தரும் அம்மாவைக் கவனிக்கேல்லை."

நான் பையை வாங்கி மேசையில் வைத்தேன். அவள் போன பிறகு பிளவுசைப் புரட்டினேன். இரண்டு விலாவிலும் என் நாலு வரியும் அப்படியே இருந்தன. இவள் பார்மசிஸ்ட், எண்ணத் தெரிந்த பிள்ளை. இதைப் பார்த்தால் ஏன் இத்தனை தையல் என்று கேட்பாள். எப்போது எப்போது என்று கேட்பாள். அந்த ஆஸ்பத்திரி அறையில் நான் நின்றது அவளுக்கு ஞாபகம் வரும். அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிப்பாளா? எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. அக்கா போனதைத் தாங்கினேனோ இல்லையோ, எனக்கே தெரியாது. இவளும் போனால் முடியாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அந்த ஒரு பயம்தான் அந்த வருடம் முழுவதிலும் எனக்குள் உயிரோடு இருந்தது.

திங்கட்கிழமை காலை, இவர் வேலைக்குப் போனதும் உட்கார்ந்து பிரித்தேன். நாலு வரியையும், இரண்டு பக்கமும். ஒவ்வொரு நூலாக இழுத்தெடுத்துக் குப்பையில் போட்டேன். அக்கா நாற்பதாக இருந்த காலத்துப் பழைய தையல் மட்டும் மிஞ்சியது. ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணினேன். பண்ணிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் நான் செய்த வேலை விளங்கியது.

பட்டில் ஊசி போன ஓட்டை மூடாது. பருத்தியென்றால் தோய்த்து அயர்ன் பண்ணினால் மறைந்துவிடும். பட்டு மறக்காது. தையல் பழக வந்த முதல் கிழமையே தெரிந்துகொள்கிற விஷயம் இது. பட்டு பிளவுஸ் கொண்டுவருகிற ஒவ்வொருத்தியிடமும் தொடமுதலே நான் சொல்வேன், "பிரிச்சால் வரி தெரியும், பேந்து என்னோட சண்டைக்கு வராதேங்கோ" என்று. அதே நான் பயத்தில் அவசரப்பட்டுப் பிரித்துவிட்டேன். உள்ளே மறைந்து கிடந்த துணியெல்லாம் இப்போது வெளியே வந்திருந்தது. அதில் நாலு புள்ளிக் கோடு அக்குளில் இருந்து இடுப்பு வரை ஓடியது. முன் துணியில் நாலு, பின் துணியில் நாலு. முதல் மூன்றும் கிட்டக் கிட்ட, கடைசி மட்டும் தள்ளி. பிரிக்காமல் விட்டு, இது பழசு பிள்ளை, புதிதாகத் தைப்போம் என்று சொல்லியிருந்தால் அவள் உள்ளே புரட்டியே பார்த்திருக்க மாட்டாள்.

நகத்தால் தேய்த்தேன். ஆவி பிடித்தேன். வினாகிரித் தண்ணீர் தெளித்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. அதே நிறத்தில் துணி எடுத்துப் புதிதாகத் தைத்து மாற்றிவிடலாம் என்று கடை கடையாக ஏறினேன். பச்சை கிடைத்தது, நீலம் கிடைத்தது, மயில்கழுத்து கிடைக்கவில்லை. "சனியன் பிடிச்ச நிறம்" என்று ஒரு கடைக்காரரின் முகத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் பயந்துபோனார்.

அடுத்த சனிக்கிழமை பெறாமகள் போட்டுப் பார்க்க வந்தாள். கையைத் தொங்கவிட்டபடி நின்றால் தெரியாது, சேலை உடுத்தால் இடப்பக்கம் எப்படியும் மறைந்துவிடும், இப்படிச் சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிவைத்திருந்தேன். நீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாட்டினேன். தோளில் கொஞ்சம் தூக்கி இருந்தது, முதுகில் கொஞ்சம் தொய்வு. அங்கங்கே குண்டூசி குத்தினேன்.

"எப்பிடி இருக்கு சித்தி?"

"வடிவாய் இருக்கு. ஆடாமல் நில்."

அவள் ஆடினாள். கொண்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கவென்று இரண்டு கையையும் உயர்த்தினாள். ஜன்னல் அவளுடைய வலப்பக்கம் இருந்தது.

"சித்தி, இது என்ன கோடு?"

துணி பழசு என்று சொல்லலாம். அயர்ன் பட்டுவிட்டது என்று சொல்லலாம். என் வாயில் எந்த நேரமும் ஒரு பதில் இருக்கும். அவள் கண்ணாடிக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல ஏலவில்லை.

"பிடிச்ச தையல். கொம்மாவுக்கு நான் பிடிச்சது. நீ பார்க்கக் கூடாதெண்டு பிரிச்சனான்."

"நாலு இருக்கு."

"ஓம்."

அவள் விரலால் முதற்கோட்டைத் தொட்டாள். "இது எப்ப?"

"தை மாசம். சாமத்தியவீட்டுக்கு."

"இது?"

"தேருக்கு."

மூன்றாவதைத் தொட்டாள், சொன்னேன். நான்காவதைத் தொட்டாள், தீபாவளி என்றேன். அவளுடைய உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"டொக்டர் கேட்டவ."

"ஓம், கேட்டவ."

"அப்பா ரெண்டு மாசம் எண்டு சொன்னவர். நீங்கள் ஜன்னலடியில நிண்டனீங்கள்."

"நிண்டனான். எனக்குத் தெரியும், பத்து மாசமெண்டு. சொல்லேல்லை. அதுக்கு முதலும் கேக்கேல்லை. கொம்மா மெலிய மெலியச் சிரிச்சுச் சிரிச்சுப் பிடிச்சுக் குடுத்தனான். பொம்பிளையாகப் போறியோ எண்டு பகிடி பண்ணினனான்."

சொல்லி முடித்துவிட்டேன். இனி அவள் பிளவுசைக் கழற்றி மேசையில் வைப்பாள், கோட்டைப் போடுவாள், போவாள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் குண்டூசிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். குரல் தட்டையாக இருந்தது.

"ஓகஸ்ட்ல அம்மாவின்ர பேர்த்டேக்கு நான் ஜீன்ஸ் ஒண்டு வாங்கிக் குடுத்தனான் சித்தி. ரெண்டு சைஸ் சின்னன். அதுவும் இடுப்பில நிக்கேல்லை. நான் அம்மாவைக் கட்டிப்பிடிச்சு, ஐ ஆம் சோ ப்ரவுட் ஒஃப் யூ எண்டு சொன்னனான். படம் எடுத்து ஃப்ரெண்ட்ஸுக்கு எல்லாம் அனுப்பினனான். பார்மசிக்கு வாற ஆக்களிட்ட ஒவ்வொரு நாளும் கேக்கிறனான், சும்மா சும்மா மெலிஞ்சனீங்களோ எண்டு. ஒவ்வொரு நாளும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகினம். அம்மாட்ட கேக்கேல்லை. நீங்கள் என்ன சித்தி, நீங்கள் தையல்காரி. நான்தான்..."

"வாயைப் பொத்து" என்றேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் அவளை ஒருநாளும் அப்படி அதட்டியதில்லை.

"வாயைப் பொத்தெண்டு சொன்னனான். நீ ஒரு உடுப்பு வாங்கிக் குடுத்தனீ. அவ்வளவுதான். அளந்தது நான். இந்தக் கையால நாலு தரம் அளந்தனான், எலும்பு தட்டுப்பட்டது, எழுதி வைச்சனான். உனக்கு இதில ஒண்டும் இல்லை. கேக்குதோ? இது எனக்குரியது. பங்கு கேட்டு வராதை. இனி ஒருநாளும் நீ இப்பிடிக் கதைக்கக் கூடாது."

நான் கத்திக்கொண்டிருந்தேன். பெட்டியில் இருந்த குண்டூசியெல்லாம் கிலுகிலுத்தது. அவள் முகம் கோணியது, ஐந்து வயதில் அழ முதல் கோணுவதுபோல. "சித்தி" என்றபடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து என்மேல் விழுந்தாள்.

"பொறு பிள்ளை, ஊசி குத்தியிருக்கு, பொறு" என்றேன். அவள் பொறுக்கவில்லை. இறுக்கிக் கட்டிக்கொண்டு விம்மினாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் முதுகைத் தடவி ஊசிகளைத் தேடி எடுத்தேன். முதுகில் இருந்த மூன்றும் வந்தன. தோளில் ஒன்றை எடுத்தேன். மற்றத் தோளில் குத்திய ஊசி அவள் என்னை நெரித்த வேகத்தில் என் கழுத்துக்குக் கீழே ஆழமாக ஏறியது.

"ஐயோ அக்கா!" என்று கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த ஏலவில்லை.